சொங்னபியல் இறக்கத்தில் வண்டியை ஓட்டியது நான்தான்

2007 ஓகஸ்ட் மாதம் இந்த வலைப்பதிவில் நான் எழுதிய ஒரு பயணக் குறிப்பைப் பலர் படித்திருப்பீர்கள். ஒஸ்லோவிலிருந்து வீட்டு வண்டியில், பின்னால் எங்கள் காரையும் ஏற்றி இழுத்துக்கொண்டு, சொங்னபியல் மலைச்சாலை வழியாகப் போனதைப் பற்றியது. பதினொரு படங்கள் போட்டிருந்தேன். ஜூலை மாதத்துப் பனிச்சுவருக்கு முன்னால் என் மனைவி சாந்தினி கூலிங் கிளாஸோடு நிற்கும் படத்துக்குத்தான் அதிகம் பின்னூட்டம் வந்தது. அந்தக் குறிப்பின் கடைசிப் பகுதியில், "வழியில் ஏற்பட்ட சிறு தடங்கலால் திட்டத்தைச் சுருக்கிக்கொண்டோம்" என்று ஒரு வரி இருக்கும்.

போன மாதம் லண்டனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்தக் கோடையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அதே பாதையில், அதே மாதிரி காரை இழுத்துக்கொண்டு போகப் போகிறாராம். "உங்கள் பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன். மலையில் இழுத்துச் செல்வது கஷ்டமா?" என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் என்னால் பதில் எழுத முடியவில்லை. அச்செடுத்து வைத்திருக்கிறேன் என்ற வார்த்தைதான் உறுத்தியது. ஆகவே, அந்தப் பழைய பதிவை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன். இரண்டு வருடம் பிந்தி எழுதுகிறேன்.

முதலில் பயணம் ஏன் நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். சாந்தினியின் மூத்த அண்ணன் குலசிங்கம் ரொறன்ரோவில் கணக்காளர். நான் அவரைக் குலம் அத்தான் என்று கூப்பிடுவேன். எங்கள் கலியாணத்தின்போது அவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டதற்கு, "நோர்வேயில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில்" என்று என் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அந்த நிறுவனம் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் இருந்த மீன் தொழிற்சாலை. நான் அங்கே நான்கு வருடம் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோ வந்து, குரோருட் பள்ளத்தாக்கில் ஒரு சரக்குக் கிடங்கில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் வேலை. ஆனால், பதினான்கு வருடத்தில் ஒருநாளும் அத்தானிடம் நான் மீன் வெட்டியவன் என்று சொன்னதில்லை. அவர் முதல் தடவையாக ஒஸ்லோ வருகிறார் என்றதும், அவர் கனடாவில் பார்க்காத ஒன்றைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

நோர்வேக்காரர்கள் பூபீல் என்று சொல்லும் வீட்டு வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும். ஆனால், அந்தப் பெரிய உடம்போடு கிராமத்து ஒழுங்கைகளில் நுழைய முடியாது. ஆகவே, ட்ரெய்லரில் சின்னக் காரையும் ஏற்றிக்கொண்டு போய், வண்டியை முகாமில் விட்டுவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம் என்று திட்டம் போட்டேன். எடைகளை எழுதுகிறேன், திட்டமிடுபவர்களுக்கு உதவும். வீட்டு வண்டி சாமான்களோடு 3,500 கிலோ. கார் 980, ட்ரெய்லர் 420. முழு நீளம் 12.2 மீற்றர். நோர்வேயில் சாதாரணக் கார் லைசன்ஸோடு வீட்டு வண்டியை ஓட்டலாம். இந்தப் பாரத்தைப் பின்னால் கொழுவி ஓட்டக் கூடாது. அதற்குத் தனிப் பரீட்சை எழுதி எடுக்கும் லைசன்ஸ் வேண்டும். அது என்னிடம் இல்லை.

யோகனிடம் இருந்தது. யோகன் மட்டக்களப்புக்காரர், என்னைவிட மூன்று வயது இளையவர். பாட்ஸ்பியோர்ட்டில் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். ஒரு மாரியில் கத்தி என் இடது கையின் இரண்டு விரல்களைப் பதம் பார்த்தது. ஐந்து கிழமை கட்டோடு இருந்தேன். எனக்குச் சமைத்துப் போட்டு, தலைக்குத் தண்ணீர் வார்த்து, சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டது யோகன். இப்போது ஒஸ்லோவிலேயே, வெஸ்ட்லியில் குடும்பத்தோடு இருக்கிறார். பார லொறி ஓட்டுவதுதான் தொழில். அந்தக் கோடையில் மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் கேட்டதும் தன் விடுமுறையில் நான்கு நாட்களை மாற்றிக்கொண்டார். வீட்டு வண்டியையும் ட்ரெய்லரையும் தன்னுடன் வேலை செய்யும் ஒருவரிடமிருந்து எடுத்துத் தந்ததும் அவர்தான். சம்பளப் பேச்சு எதுவும் இருக்கவில்லை. எங்களுக்குள் அப்படி ஒன்று வந்ததே இல்லை.

ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை 7.20க்குக் குரோருட்டில் எங்கள் அடுக்குமாடிக்கு முன்னாலிருந்து புறப்பட்டோம். அதற்குச் சற்று முன்தான் அது நடந்தது. யோகன் குனிந்து ட்ரெய்லரின் விளக்கு வயரைக் கொழுவிக்கொண்டிருந்தார். அத்தான் பெட்டியோடு கீழே வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"என்ன நேசன், டிரைவர் ஒராளையும் பிடிச்சு வைச்சிருக்கிறீர் போல."

"ஓம் அத்தான். மலைப்பாதை எல்லே. பழகின ஆள் வேணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். யோகன் வயரைக் கொழுவி முடித்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அத்தானின் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அந்த இடத்தில் ஒரே வசனத்தில் திருத்தியிருக்கலாம். இவர் என் கூட்டாளி, இருபது வருடப் பழக்கம் என்று. திருத்தினால் எங்கே பழக்கம் என்று அத்தான் கேட்பார். அதற்குப் பாட்ஸ்பியோர்ட் என்று சொல்ல வேண்டி வரும்.

இனிப் பாதை. ஈ-ஆறு நெடுஞ்சாலையில் ஹாமார், லில்லஹாமர் வழியாக வடக்கே. ட்ரெய்லர் இழுத்தால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால், கூகிளோ வரைபடமோ சொல்லும் நேரத்தோடு ஒன்றரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். லில்லஹாமரில் 10 மணிக்குக் கோப்பி. ஓட்டாவுக்கு 12.45, குரோருட்டிலிருந்து ஏறத்தாழ 285 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே திரும்பி 62 கிலோமீட்டரில் லொம். 2.15க்குச் சேர்ந்தோம். டீசல் நூறு கிலோமீட்டருக்குப் பதினான்கரை லீற்றர் குடித்தது. ட்ரெய்லர் இல்லாவிட்டால் பத்தரைதான். லொம்மில் ஆற்றங்கரை முகாமில் ஓர் இரவுக்கு மின்சாரத்தோடு 210 குரோனர். பழைய மரத் தேவாலயம் நடந்து போகும் தூரம்.

யோகன் ஓட்டுவதைப் பார்ப்பதே ஒரு அமைதி. பின்னால் நாலைந்து கார் சேர்ந்தால் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி வழிவிடுவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, ட்ரெய்லரின் சில்லுகளுக்குக் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். அத்தானுக்கு அது பிடித்திருந்தது. "நல்ல டிரைவர்," என்றார் சாந்தினியிடம். "பேச்சைப் பார்த்தால் யாழ்ப்பாணம் இல்லைப் போல."

மத்தியானம் முகாமில் சாந்தினி புட்டும் இறைச்சிக் கறியும் எடுத்து வைத்தாள். அத்தான் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "டிரைவருக்கும் குடுத்துவிடு பிள்ளை," என்றார். யோகன் வெளியே காரை ட்ரெய்லரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

சாந்தினி கரண்டியை வைத்துவிட்டாள். "அண்ணை, யோகன் எங்கட..." என்று தொடங்கினாள்.

"அத்தான், அங்கை பாருங்கோ, ஆத்திலை மீன் பிடிக்கினம்," என்றேன் நான்.

சாந்தினி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் யோகனும் குடும்பமும் வந்திருக்கிறார்கள். அவள் ஒரு தட்டில் சாப்பாட்டை நிறையப் போட்டு, தானே வெளியே எடுத்துப் போனாள். யோகனோடு படியில் இருந்து அவளும் சாப்பிட்டாள். நானும் அத்தானும் உள்ளே சாப்பிட்டோம். அன்றிரவு படுக்கைகளைப் பிரிக்கும்போது, அத்தானுக்கு நெருக்கமாக இருக்கும் என்று யோகனிடம், "நீ காருக்குள்ள படுப்பியோ?" என்று கேட்டேன். "ஓம் அண்ணன், அது வசதிதான்," என்றார். அவர் என்னைவிட உயரம். அந்தக் காரின் பின் ஆசனத்தில் என்னாலேயே கால் நீட்ட முடியாது.

ஞாயிறு காலை 9.30க்கு லொம்மிலிருந்து ஏற்றம். இந்தப் பகுதியைப் பற்றிப் பழைய பதிவில் எழுதியது எல்லாம் உண்மைதான். பச்சைப் பள்ளத்தாக்கு மெதுவாக ஒடுங்கி, மரங்கள் குட்டையாகி, பிறகு மரமே இல்லாமல் போகும். 11.10க்கு உச்சி. 1,434 மீற்றர். வட ஐரோப்பாவின் மிக உயரமான மலைக் கணவாய்ச் சாலை என்று எழுதுவார்கள். காற்று பலமாக இருக்கும், ஜூலையிலும் ஜக்கெற் வேண்டும். பனிச்சுவர் இரண்டு ஆள் உயரம் நின்றது. படம் எடுத்து முடிந்ததும் அத்தான் வண்டியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஏன் நேசன், இந்த வண்டியை நீர் ஓட மாட்டீரோ? பயமோ?"

கேலியாகக் கேட்டதுகூட இல்லை. சும்மா கேட்டார். எனக்கு முகம் சூடேறியது.

"ஏன் ஓடமாட்டன்? வாற வழி முழுக்க இவன் ஓடினதாலை நான் பேசாமல் இருந்தனான்," என்று சொல்லிவிட்டு யோகனிடம் கையை நீட்டினேன். "திறப்பைத் தா."

யோகன் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார். "அண்ணன், உங்கட லைசன்ஸுக்கு ட்ரெய்லரோட ஓட ஏலாது. அது போகட்டும். இந்த இறக்கம் சும்மா இல்ல. ஆயிரத்து நானூறு மீற்றர், கடல் மட்டத்துக்கு இறங்கணும். கீழ வரைக்கும் நான் கொண்டு போறன். பிறகு சமதரையில நீங்க எடுங்க."

"நீ கொஞ்சம் பின்னால இரு," என்றேன்.

அத்தானுக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். யோகன் திறப்பைத் தந்தார்.

உச்சியிலிருந்து தூர்தக்ரோ என்ற மலை விடுதி வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமுமாக மாறி மாறி வரும், பெரிய கஷ்டம் இல்லை. அதுதான் ஏமாற்றுகிற இடம். அரை மணித்தியாலம் ஓட்டியதும் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் பக்கத்து ஆசனத்தில் அத்தான் பாறை இடுக்குகளைக் காட்டிக் கதைத்துக்கொண்டு வந்தார். யோகனும் சாந்தினியும் பின்னால் மேசையருகே இருந்தார்கள்.

விடுதியைத் தாண்டியதும் சாலை மடிந்து மடிந்து கீழே விழத் தொடங்கும். நான் மூன்றாம் கியரில் விட்டு, காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே இறங்கினேன். மெதுவாகப் போகிறோம், ஆகவே பத்திரமாகப் போகிறோம் என்று நம்பினேன். ட்ரெய்லர் முன்வண்டியைத் தள்ளும்போது அதன் பிரேக் தானாகப் பிடிக்கும். நான் முழு இறக்கத்திலும் பிரேக்கை விடாததால் அதுவும் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. ஐந்தாவது வளைவில் அத்தான், "என்னவோ மணக்குது," என்றார். எரிந்த ரப்பர் மாதிரி. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெய்லரின் சில்லிலிருந்து புகை வந்தது.

பிரேக்கை இன்னும் அழுத்தினேன். மிதி பஞ்சு மாதிரிக் கீழே போனது. வண்டி வேகம் எடுத்தது. கீழேயிருந்து ஒரு சுற்றுலாப் பேருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. எனக்கு வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பேருந்து, அதற்கப்பால் ஒன்றும் இல்லை. சாந்தினி என் பெயரைச் சொன்னாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

யோகன் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. இரண்டு ஆசனங்களுக்கும் நடுவில் என் தோளுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை.

"காலை எடுங்க அண்ணன். இரண்டாம் கியர் போடுங்க. இப்ப. இன்ஜின் கத்தும், பரவாயில்ல. வலப்பக்கம் ஒட்டிப் பிடிங்க. பஸ் போய்ட்டு. சரி. முன்னுக்கு வளைவு தாண்டினதும் வலப்பக்கம் கல்லுப் போட்ட ஒதுங்குமிடம் ஒண்டு இரிக்கி. அதுக்குள்ள விடுங்க. திருகாதீங்க. மெதுவா."

இன்ஜின் அலறியது. வேகம் குறைந்தது. ஒதுங்குமிடத்துக்குள் வண்டி நுழைந்ததும் நான் பயத்தில் மறுபடி பிரேக்கைக் கடைசி வரை மிதித்தேன். அதற்குள் கொஞ்சம் உயிர் வந்திருந்த பிரேக், சரளைக் கல்லில் திடீரென்று பிடித்தது. ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் சுழன்றது. யோகன் கைப்பிரேக்கை இழுத்தார். பெரிய சத்தம் ஒன்று கேட்டது. பிறகு எல்லாம் நின்றது.

அந்த ஒதுங்குமிடத்தில் ஒரு வயதான நோர்வேஜியத் தம்பதி, தங்கள் காருக்கு அப்பால் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மடக்குக் கதிரை போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ட்ரெய்லரின் பின்மூலை அவர்கள் காரில் அடித்தது. கார் அரை மீற்றர் நகர்ந்து அந்த அம்மாவின் கதிரையைத் தள்ளியது. அவர் பாறை மேல் கையை ஊன்றி விழுந்தார். பெரித் என்பது அவர் பெயர் என்று பிறகு தெரிந்தது.

நான் ஆசனத்திலேயே இருந்தேன். யோகன் பக்கக் கதவால் குதித்து, முதலில் சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு, பெரித்திடம் ஓடினார். சாந்தினியும் ஓடினாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். தன் சால்வையை மடித்து அந்த அம்மாவின் மணிக்கட்டைக் கட்டினாள். பெரித்தின் முகம் வெளிறியிருந்தது, ஆனாலும், "பரவாயில்லை, பரவாயில்லை," என்று அவர்தான் இவர்களைத் தேற்றிக்கொண்டிருந்தார். கணவர் சிந்திய கோப்பிக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் இறங்கிப் போனது எல்லாருக்கும் பிறகு.

அம்புலன்ஸ் 12.50க்கு வந்தது. போலீஸ் 1.05க்கு. ஒரே ஒருவர், நடுத்தர வயது. டயர் அடையாளங்களைப் பார்த்தார், ட்ரெய்லரின் பத்திரத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "யார் ஓட்டியது?"

தம்பதி வண்டி வரும்போது அந்தப் பக்கம் திரும்பி இருந்தவர்கள். அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அத்தானுக்கு நோர்வேஜியம் தெரியாது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருந்த நேரம் நான் பேசப் போதுமானதாக இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"நான்தான்," என்றார் யோகன்.

போலீஸ்காரர் அவரை ஊதச் சொன்னார். லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். பார லொறி, பஸ், ட்ரெய்லர் எல்லாம் அதில் இருந்தது. "தொழில் ஓட்டுநர். உமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்," என்று சொல்லி, அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யோகன் தலையை ஆட்டினார்.

வீட்டு வண்டியையும் ட்ரெய்லரையும் மீட்பு லொறி கொண்டுபோனது. எங்கள் கார் தப்பியிருந்தது. அதில் நான்கு பேரும் ஏறி, நான் ஓட்டி, மிச்ச மலையை இறங்கினோம். கடல் மலைகளுக்குள் நீளமாகப் புகுந்து நிற்கும் கடலேரி முடியும் இடத்தில் ஷோல்டன் என்ற சின்ன ஊர். முகாமில் இரண்டு அறையுள்ள மரக் குடில் 450 குரோனருக்குக் கிடைத்தது.

யோகன் வெளியே போனதும் அத்தான் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நல்ல காலம், டிரைவர் தானாக ஒத்துக்கொண்டது. நீர் இனி வாயைத் திறக்காதையும். அந்தாளுக்கு ஏதும் பாத்துச் செய்து விடுவம்."

எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் மேல் இல்லை. அந்த நேரம் வரை நானும் கிட்டத்தட்ட அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாந்தினி அடுப்படியில் நின்றபடி, திரும்பாமல் கேட்டாள். "நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"போலீஸிட்டையோ?"

"அண்ணையிட்டை. பிறகு போலீஸிட்டை."

நான் அத்தானிடம் சொன்னேன். "அத்தான், யோகன் டிரைவர் இல்லை. என்ரை கூட்டாளி. பாட்ஸ்பியோர்ட்டிலை ஒரே அறையிலை இருந்தனாங்கள். நான் அங்கை மீன் வெட்டினனான். நாலு வருசம்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் மீன் வெட்டினது எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு முதலே இவள் எழுதினவள். நானும் கனடா போன புதுசிலை கோழி உரிச்சனான். அதுக்கென்ன?" கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "அந்தாள் உம்மடை கூட்டாளி எண்டு எனக்குத் தெரியாது. டிரைவர் எண்டு நீர்தானே சொன்னனீர்," என்றார்.

பதினான்கு வருடம் நான் மறைத்தது அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் நான் யோகனைக் காரில் படுக்கவைத்தேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. காலையில் யோகன் கடலேரிக் கரையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "ஏன் அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன். ஏதோ அவர்தான் பிழை செய்தவர் மாதிரி.

அவர் முகத்தைத் துடைத்தார். கோபம் இல்லை. "டிரைவர் எண்டு சொன்னீங்கதானே அண்ணன். வண்டி அடிச்சா டிரைவர்தானே பதில் சொல்லணும்," என்றார். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு நாளண்டைக்கு வேலை தொடங்குது. லைசன்ஸ் இல்லாம என்ன சொல்றதெண்டு யோசிக்கிறன்," என்றார்.

நானாகவே போலீஸுக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். நான் குடிலின் வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கோப்பி குடித்துவிட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாந்தினி போய்க் காரில் ஏறி இருந்தாள். கதவைத் திறந்தபடியே வைத்திருந்தாள். நான் வந்து ஏறும் வரை அதை மூடவில்லை.

கவுப்னே என்ற ஊரில் இருந்த போலீஸ் அலுவலகம் 27 கிலோமீட்டர். 9.10க்கு உள்ளே போனேன். அதே அதிகாரி. நான் சொல்லச் சொல்ல எழுதினார். பின் பேனாவை வைத்துவிட்டு, "நேற்று நான் கேட்டபோது நீர் எங்கே நின்றீர்?" என்று கேட்டார்.

"அவருக்குப் பக்கத்தில்," என்றேன்.

அவர் பேனாவை எடுத்து அதையும் எழுதினார்.

எனக்கு அபராதமும், ஒரு வருடம் லைசன்ஸ் பறிப்பும். அது நியாயம். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக யோகனுக்கும் ஒரு அபராதம் வந்தது. அது நான் யோசிக்காதது. நான் கட்டுகிறேன் என்றேன், தானே கட்டிவிட்டார். லைசன்ஸ் ஒன்பது நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. அதுவரை அவர் தன் நிறுவனத்தில் லொறி கழுவினார் என்று வேறொருவர் சொல்லி அறிந்தேன். பெரித்துக்கு மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. நானும் சாந்தினியும் இலையுதிர் காலத்தில் ரயிலில் போய் அவரைப் பார்த்தோம். வாஃபல் சுட்டு வைத்திருந்தார், இடது கையால் கலக்கியது என்று சிரித்தார். அத்தான் ஒஸ்லோவில் மிச்ச நாட்களைக் கழித்தார். புறப்படும் முன் வெஸ்ட்லிக்குத் தனியாக ரயில் ஏறிப் போய் யோகனைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன கதைத்தார் என்று எனக்குச் சொல்லவில்லை.

யோகனின் லொறி கிழமையில் இரண்டு தடவையாவது எங்கள் கிடங்குக்குச் சரக்கு ஏற்ற வரும். என்னைக் கண்டால் கையைத் தூக்குவார். கதைப்பார். காலநிலை, சரக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஆனால், அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் என்னோடு நோர்வேஜியத்தில்தான் கதைக்கிறார். அந்த மொழியில் அண்ணன் என்று கூப்பிட வேண்டியதில்லை. நான் தமிழில் கேட்டாலும் பதில் நோர்வேஜியத்தில் வரும், மரியாதையாக, முழுமையாக. நானும் இப்போது அப்படியே பழகிவிட்டேன்.

இனி லண்டன் வாசகருக்கும், அவரைப் போலத் திட்டமிடும் மற்றவர்களுக்கும். மலையில் காரை இழுப்பது கஷ்டமா என்றால், ஏறுவது கஷ்டமில்லை. இறங்குவதுதான். உங்கள் லைசன்ஸ் அந்தப் பாரத்துக்குப் பொருந்துமா என்று புறப்படும் முன் பாருங்கள், பொருந்தாவிட்டால் காரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் கொண்டுபோன கார் அந்தப் பயணம் முழுவதிலும் ஊர் சுற்ற ஒருமுறைகூடப் பயன்படவில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே, மேலேயே, இரண்டாம் கியருக்கு வாருங்கள். பிரேக்கைத் தடவிக்கொண்டே இறங்காதீர்கள். அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள், ஆறட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒதுங்குமிடத்தில் நின்று சில்லுச் சூட்டைப் பாருங்கள், தொடாமல் கிட்டப் பிடித்து. மணம் வந்தால் அது கடைசி எச்சரிக்கை, முதலாவது அல்ல. ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் அவரை ஓட்ட விடுங்கள். அவர் யார் என்று கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்லுங்கள்.

இதைப் பதிவேற்றுவதற்கு முன் யோகனுக்கு அனுப்பினேன். பெயரை மாற்றட்டுமா, எதையாவது எடுத்துவிடட்டுமா, வெளியிடவே வேண்டாமா என்று கேட்டிருந்தேன். மூன்று நாள் பதில் இல்லை. நேற்று வந்தது, நோர்வேஜியத்தில் நான்கு வரி. பெயரைப் பற்றி ஒன்றும் இல்லை. நடந்ததைப் பற்றியும் ஒன்றும் இல்லை. காரை ட்ரெய்லரோடு சேர்த்துக் கட்டும் பட்டிகள் முதல் இருபது கிலோமீட்டரில் தளரும், அங்கே ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், அது உன் கட்டுரையில் இல்லை, படிப்பவர்கள் பிள்ளைகளோடு போவார்கள், சேர்த்துவிடு என்று எழுதியிருந்தார்.

இங்கேயே சேர்த்துவிட்டேன்.